ரைட்டர் நோட்டும் திறந்த புத்தகமும்: சேர்வராயன் மலையிலிருந்து சில குறிப்புகள்

எங்கம்மாவுக்குத் தெரிந்த ஒரே எழுத்தாளர் எஸ்டேட் ரைட்டர்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்கள் பேரைச் செக்ரோலில் பதிகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். அவர் எழுதினால் அன்றைக்குக் கூலி உண்டு. எழுதாவிட்டால் விடியற்காலையிலிருந்து பனியில் நனைந்து பழம் எடுத்தது எடுக்காத கணக்கில் போகும். மாசக் கடைசியில் ரைட்டர் நோட்டைப் பார்த்து, "உனக்கு இருபத்தொரு நாள்தான்" என்பார். அம்மா விரல்விட்டு எண்ணி இருபத்துநாலு என்று சொல்லும். விரலில் இருப்பது செல்லாது, நோட்டில் இருப்பதுதான் செல்லும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நோட்டை மூடிவிட்டு, "இதெல்லாம் நீ பாக்கக்கூடாது கண்ணு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நம்மிடம் எதையாவது மூடுகிறவர்கள் பெரும்பாலும் அன்பாகத்தான் மூடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களில் இப்போது 'திறந்த கல்வி வளங்கள்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், தன் வகுப்புக்குத் தக்கபடி வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளலாம், மறுபடி பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்படும் பாடங்கள், நூல்கள், ஒலி, படம் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர். 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் வகுப்புப் பாடங்களை இணையத்தில் வைக்கப் போவதாக அறிவித்தது. 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் இந்தப் பெயர் பிறந்தது. 2012இல் பாரிஸ் பிரகடனம், 2019இல் உறுப்பு நாடுகளுக்கான பரிந்துரை. கருத்தரங்குகளில் வரலாறு என்று இதைத்தான் சொல்கிறார்கள். இவர்கள் சொல்லும் வரலாறு 2001இல் ஆரம்பிக்கிறது. நம் வரலாறு அப்படி இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காது கொடுத்துக் கேட்டாலே தண்டனை என்று எழுதி வைத்த நாடு இது. வேதம் ஓதுவதைச் சூத்திரன் வேண்டுமென்று கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அது என்றால் அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன விதி என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. 'எல்லாம் பழங்கதை' என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். சரி, பழங்கதையை விடுவோம்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது 2011 முதல் 2013 வரை. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை, எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான். துறை நூலகத்தில் நாலு கண்ணாடி அலமாரி, நாலுக்கும் பூட்டு. துறைத்தலைவர் கையெழுத்தோடு சீட்டு கொண்டு வந்தால் திறப்பார்கள். கையெழுத்து வாங்கப் போனால், "கைடு வாங்கலியா?" என்பார்கள். கைடை எழுதியவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். பாடத்திட்டக் குழுவில் இருப்பவரே பாடத்தை வைப்பார், அதற்கு அவரே கைடு போடுவார், நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்த நூல். எங்களுக்குப் பாடமாக இருந்தது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை ஆசிரியர் ஒருவர் எடுத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆதிதிராவிடர் விடுதியில் நாங்கள் மூணு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துக் கட்டி வைத்துக்கொண்டோம். நம் கதையை நாமே திருட்டுத்தனமாகப் படித்தோம் என்று இப்போது சொல்லிச் சிரிப்பதுண்டு.

இந்த ஜெராக்ஸ் சமாச்சாரம் நீதிமன்றம் வரை போனது. 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூணு பெரிய பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி என்ற சின்னக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் தந்த பட்டியல்படி பல நூல்களிலிருந்து அத்தியாயங்களைப் படியெடுத்துத் தைத்து மாணவர்களுக்கு விற்றதுதான் குற்றம். கேட்ட நஷ்டஈடு 60 லட்ச ரூபாய். மாணவர்கள் சங்கம் கட்டி வழக்கில் நுழைந்தார்கள், ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமையோ இயற்கையாக வந்த உரிமையோ அல்ல, சட்டம் கொடுத்தது என்று நீதிபதி எழுதினார். கற்பித்தலுக்காகப் படியெடுப்பதை 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. மேல்முறையீட்டில் டிசம்பரில் வந்த தீர்ப்பும் அந்த அடிப்படையை ஏற்றது. 2017இல் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. விடுதியில் திருட்டு என்று நினைத்துக்கொண்டு செய்ததில் சட்டம் நம் பக்கம் இருந்திருக்கிறது. யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இனி நம் வரலாற்றுக்கு வருகிறேன்.

திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருப்பதன்படி, அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். குறள், நாலடி நானூறு ஏடுகளை எல்லிஸ் துரையிடம் கொண்டு சேர்த்தவர் அவர்தான். சமையல்கட்டில் நின்றவர் வீட்டில் ஏடு இருந்திருக்கிறது. பூட்டி வைக்காமல் அதை ஊருக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் பேர் எந்தத் தமிழ் இலக்கிய வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது என்று நண்பர்கள் தேடிப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று உலகெங்கும் இருந்த தமிழர்கள் சேர்ந்து தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தது. அதன் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்குத்தான். அதைத் தரவிறக்கும்போதெல்லாம் எனக்குக் கந்தப்பன் ஞாபகம் வரும்.

பேரன் செய்தது அடுத்தது. 1891 டிசம்பரில் நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபை மாநாட்டில் தீர்மானங்கள் போட்டார்கள். கல்விக் கோரிக்கையும் அவற்றில் உண்டு. ஒரு மலையில் நின்றுதான் நம்மவர்கள் பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறார்கள் என்பதில் மலைக்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமை. பிறகு 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையையே பேராக வைத்த பத்திரிகை. கூலிக்காரனும் வாங்க முடியும் என்பதை முதல் சொல்லிலேயே சொல்லிவிடுகிறது. அடுத்த வருஷம் 'தமிழன்' ஆனது. அதில் வந்தது செய்தி மட்டுமில்லை. மொழி, வரலாறு, பௌத்தம், வைத்தியம், சட்டம் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கான பாடமே வாராவாரம் வந்தது. 1914இல் பண்டிதர் இறந்தார். பின்னாளில் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அந்தப் பேரில் பத்திரிகையை மறுபடி நடத்தினார். சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள் காசு போட்டு வாங்கிப் படித்தார்கள்.

பிறகு எல்லாம் எங்கே போனது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பழைய தாள்களாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரு பத்திரிகை வந்ததே தெரியாது, தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டபோது வருஷம் 1999. பண்டிதர் செத்து 85 வருஷம். ஒரு பைசாவுக்கு விற்றது திரும்பக் கைக்கு வர இத்தனை காலம். அதற்கப்புறம்தான் ஆய்வேடுகள், கருத்தரங்குகள், தாளில் ஒரு அலகு எல்லாம். மலிவாகக் கொடுத்தால் போதும், நிலைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இதுதான். சேமித்து வைக்க ஒரு இடமும், வகுப்பில் எடுத்துச் சொல்ல ஒரு வாத்தியாரும் இல்லாவிட்டால் திறந்த நூலும் மண்ணுக்குள் போய்விடும்.

பாபாசாகேப் விஷயமும் அப்படித்தான். 1936இல் லாகூரில் பேச அழைத்தவர்கள் பேச்சின் படியைப் பார்த்துப் பயந்து கூட்டத்தையே நிறுத்தினார்கள். அவர் தன் செலவில் 1,500 பிரதி அச்சடித்தார், இரண்டு மாதத்தில் தீர்ந்தது. குஜராத்தியிலும் தமிழிலும் அதற்குள் மொழிபெயர்ந்துவிட்டதாக 1937 பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். ஆக 'சாதி ஒழிப்பு' தமிழுக்கு உடனே வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரி வகுப்புக்குள் வரத்தான் நாளாயிற்று. மகாராஷ்டிர அரசு அவருடைய எழுத்துகளின் முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். தமிழில் 37 தொகுதிகள் வந்தன. அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரான்சஸ் பிரிட்சட் என்ற பேராசிரியர் அந்த 1936 உரையை வகுப்பில் பயன்படுத்தத் தக்கபடி குறிப்புகளோடு இணையத்தில் வைத்தார், யாரும் படிக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் கழிந்தால் பதிப்புரிமை தீர்கிறது. 2017 பிறந்ததும் பாபாசாகேப் தம் காலத்தில் வெளியிட்ட எழுத்துகள் பொதுச்சொத்து ஆயின.

2012இல் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் நான் இதையெல்லாம் முதலில் பார்த்தேன். மலையில் எங்கள் லயனில் இணையம் கிடையாது. கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கிச் சேலத்துக்கு வந்து, பிரௌசிங் சென்டரில் மணிக்குக் காசு கட்டி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்புவேன். அந்த பென் டிரைவ் விடுதியில் அறை அறையாகச் சுற்றும். வைரஸும் சேர்ந்து சுற்றும். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று 2001இல் தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கிறதே, அதன் பட்டப்படிப்புப் பாடங்களை அப்படித்தான் படித்தேன். கைடைவிட எவ்வளவோ தேவலாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இன்று விக்கிமூலத்தில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கிடைக்கின்றன. குறை சொல்லவும் இருக்கிறது. எது நாட்டுடைமை ஆகிறது, எவர் நூல் முதலில் தட்டச்சு ஆகிறது என்று பட்டியல் போட்டால் அங்கேயும் ஊரும் சேரியும் தெரியும்.

எம்.ஏ. முடித்துச் சில வருஷம் கழித்து சமவெளியில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு விரிவுரையாளராக வேலை பார்த்தேன். பி.ஏ. மூன்றாம் ஆண்டுக்கு நாட்டுப்புறவியல் தாள். மாணவர் ஒருவர் கட்டுரையில், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் கேரளத்திலிருந்து வந்தவர்கள், தாய்மொழி மலையாளம் என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. மலையை ஆள்கிறவர் மலையாளி. எங்கள் மலைப் பழங்குடிகள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் வந்து மலைகளைப் பிரித்துக்கொண்டதாக அவர்கள் கதை சொல்வார்கள். சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலையை மூணு நாடாக வைத்திருப்பவர்கள். "எங்கேர்ந்து எடுத்தே?" என்றேன். "நெட்லேர்ந்து சார்." அதே வகுப்பில் பின் பெஞ்சில் மோகநாட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை.

அப்போதுதான் யோசித்தேன். எங்கள் மலையைப் பற்றிக் காசில்லாமல் கிடைப்பவை என்னென்ன? தேடினால் குவிகிறது. சேலம் கலெக்டராக இருந்து 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன் பற்றி, மாவட்டக் கையேடுகள், கெசட்டியர்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதியவை. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர் அவர், திருத்துவ ஆலயத்தில் நினைவுக்கல் இருக்கிறது. மலையாளிகள் கோயில்களில் சேர்த்து வைத்துக் கும்பிட்ட கற்கால மெருகுக் கோடாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்து, ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டவர். ஏழும் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசம். எல்லாம் ஆங்கிலம். எல்லாம் துரைமார் எழுதியது. காப்பிச் செடியை நட்டவர்கள், களை வெட்டியவர்கள், கவாத்து செய்தவர்கள், சமவெளிச் சேரிகளிலிருந்து மலை ஏறிய எங்கள் பாட்டன் பூட்டன் எழுதியது ஒரு வரி கிடையாது. அவர்களிடம் இருந்தது விரல்தான். நோட்டு ரைட்டரிடம் இருந்தது.

தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர். கருவியோடு எங்கள் மலைக்கும் வந்தார். அந்த ஏழு தொகுதியில் ஓரிடத்தில் வேடிக்கையாக ஒன்று சொல்கிறார்: சேர்வராயன் மலை மலையாளிகள், இவர் தங்கள் நிலத்தை அரசாங்கத்துக்கு எடுத்துக்கொண்டு தங்களை அந்தமானுக்குக் கப்பலேற்றி அனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். படிக்கிற துரைமார் சிரிப்பதற்காக எழுதிய இடம். நூறு வருஷமாக ஆராய்ச்சியாளர்களும் அறியாமைக்கு உதாரணமாகத்தான் இதை வாசித்திருப்பார்கள்.

அந்தப் பகுதியைத் தமிழாக்கி, ஒரு பக்கமாக அச்செடுத்து வகுப்பில் கொடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லை, கைடில் இல்லை, எவர் அனுமதியும் வாங்கவில்லை. வாசித்ததும் பையன்கள் சிரித்தார்கள். மோகநாட்டுப் பெண் எழுந்தாள்.

"இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? எங்க ஆளுங்க நெனச்சது தப்பா? சுத்தியும் எஸ்டேட்டு வந்துச்சில்ல? யாருது அந்த நெலமெல்லாம்?"

வகுப்பு அடங்கிவிட்டது. அளக்க வந்தவனை அளந்து பார்த்த கூட்டம் அது. அரசாங்க மனிதர் ஒருவர் கருவியோடு வந்தால் அடுத்து நிலம் போகும் என்று அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அந்த அறிவைத்தான் தர்ஸ்டன் வதந்தி என்று குறித்துக்கொண்டு போனார். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் இல்லை, பின் பெஞ்சில் இருந்த அந்தப் பெண்தான்.

அதிலிருந்து வேலை ஆரம்பித்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அறுபது பக்கத்தில் ஒரு பாடத்தொகுப்பு செய்தோம். துரைமார் எழுதியதிலிருந்து சில பகுதிகள் தமிழில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே மலைப் பிள்ளைகள் எழுதிய மறுப்பும் கேள்வியும். எஸ்டேட் சொற்களின் அகராதி: செக்ரோல், ரைட்டர், மேஸ்திரி, லயன், கவாத்து, பழம் எடுப்பு. நாடுகளின் பேரும் ஊர்ப் பேரும். கடைசியில் வயசான தோட்டத் தொழிலாளிகள் சொன்ன வாக்குமூலங்கள்.

ஒரு சங்கதியை மறைக்கக்கூடாது. மலையாளிகளும் எங்கள் லயன் சனமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தது அதுதான் முதல் தடவை. பள்ளத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்களை அவர்கள் தள்ளி வைத்ததுண்டு, காட்டு ஆட்கள் என்று எங்கள் ஆட்கள் அவர்களை ஏளனம் பேசியதுண்டு. முதல் கூட்டத்தில் டீக்குடித்தபோதுகூட யார் எந்த டம்ளரை எடுக்கிறார்கள் என்று எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்ன உரிமத்தில் வெளியிடுவது என்று பெரிய சண்டை. ஒரு தோழர், முழுக்கத் திறந்துவிடு, கந்தப்பன் கேட்டாரா காசு என்றார். இன்னொருவர், கைடு போடுகிறவன் அப்படியே அள்ளித் தன் பேரில் விற்பான், கந்தப்பன் பேர் போன மாதிரி நம் பேரும் போகும் என்றார். இரண்டும் உண்மை. கடைசியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை எடுத்தோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எடுத்த இடத்தின் பேரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே நிபந்தனையில் திறந்துவிட வேண்டும். அறிவைப் பூட்டாதே என்பதையும் பேரை அழிக்காதே என்பதையும் ஒரே காகிதத்தில் சேர்த்து எழுத முடிகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் வாக்குமூலங்களிடம் வந்தபோது அந்த ஏற்பாடு நின்றுவிட்டது. பக்கத்து லயன் பெரியம்மா ஒருவர், எழுபது வயசுக்கு மேல். இரண்டு மணி நேரம் பேசினார், போனில் பதிந்துகொண்டோம். மேஸ்திரிகள் செய்த அக்கிரமம், பிரசவத்துக்கு மறுவாரமே கூடை தூக்கியது, பிடித்துக்கொண்ட கூலி, ஒரு பெண்ணின் சாவு. எல்லாம் முடிந்து, இது புத்தகத்திலும் இணையத்திலும் வரும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏஞ் சாமி, ஊருக்கெல்லாந் தெறந்து வுட்டுட்டீன்னா, தொரமாருங் கேப்பாங்கல்ல? எம் மவன் இன்னும் அங்கதானே வேல செய்யுறான்? லயன் வூடும் அவங்களுதுதானே?"

எனக்குப் பதில் இல்லை. அதுவரை திறப்பது எல்லாம் நல்லது, பூட்டுவது எல்லாம் கெட்டது என்றே பேசி வந்தவன் நான். கண்ணாடி அலமாரியைப் பூட்டிய கை வேறு, தன் வாயைப் பூட்டிக்கொண்ட இந்தக் கை வேறு. திறந்த கல்வி வளங்களைப் பற்றிய கருத்தரங்குக் கட்டுரைகளில் கொடுப்பவர் பெரும்பாலும் பேராசிரியராக இருக்கிறார். கொடுத்தால் அவருக்குப் புகழ் வரும். பெரியம்மா கொடுத்தால் வீடு போகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாப் பழங்குடிகள் இதை முன்பே எழுப்பியிருக்கிறார்கள். தங்களைப் பற்றிய தகவல் எங்கே, யாரிடம், எப்படிப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் தங்களுக்கே வேண்டும் என்று 2019இல் அவர்களுடைய கூட்டமைப்பு கோட்பாடுகளை வகுத்து வெளியிட்டது. நம்மூரில் சேரியிலும் மலையிலும் களப்பணி செய்து பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், பேசியவரிடம் திரும்பிப் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? நானும் அந்தப் பெரியம்மா சொல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.

பதிவை அழித்துவிடட்டுமா என்றேன். "அழிக்காதே, இருக்கட்டும். நாம் போன பொறவு, எம் பேத்தி சொன்னா குடு" என்றார். தொகுப்பில் அவருக்கான இரண்டு பக்கத்தை வெற்றாக விட்டோம். இது பேசியவரின் விருப்பப்படி இப்போது திறக்கப்படவில்லை என்று மட்டும் அடியில் ஒரு வரி. வகுப்பில் அந்தப் பக்கம் வரும்போது மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஏன் வெற்றாக இருக்கிறது என்பதைப் பேசவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. மற்றவர்கள் பேரையும் ஊரையும் மாற்றி, அவர்களுக்குப் படித்துக் காட்டி, சரி என்று சொன்னதை மட்டும் வைத்தோம். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தொகுப்பு இப்போது நாலைந்து கல்லூரிகளில் சுற்றுகிறது. பாடத்திட்டத்துக்குள் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. மணிக்கணக்கு விரிவுரையாளர்கள்தான் எடுத்து நடத்துகிறார்கள். தர்மபுரிப் பக்கம் ஒரு ஆசிரியர் சித்தேரி மலைக்குத் தக்கபடி பாதியை மாற்றி எங்களுக்கே திருப்பி அனுப்பினார். நான் சொன்ன உரிமம் வேலை செய்வதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

போன ஜனவரியில் பழம் எடுப்பு முடிகிற சமயம், அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பேத்தி அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். அந்தமான் கதை வந்ததும் பெரியம்மா கெக்கெக்கென்று சிரித்தார். தன்னுடைய வெற்றுப் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொல்லகராதியைப் படிக்கச் சொன்னார். கவாத்து என்ற இடத்தில் பேத்தியை நிறுத்தினார். மழைக்காலத்தில் செடியை வெட்டிவிடும் வேலை என்று நாங்கள் எழுதியிருந்தோம்.

"யாரு சாமி இத எழுதுனது? மழையில வெட்டுனா வெட்டுவாயில தண்ணி எறங்கி அழுவிப் போவும். பழம் எடுத்து முடிச்ச கையோட வெட்டோணும். மாசி, பங்குனி. எழுது."

பேத்தியிடம் பேனா இருந்தது. அந்தப் பிரதியில் அவளே அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள். கீழே இறங்கி வந்ததும் கணினியில் இருந்ததையும் மாற்றினேன். முன்பே தரவிறக்கி வைத்திருப்பவர்கள் 41ஆம் பக்கத்தில் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும்.